பச்சை வாந்தி, இரட்டைக் குமிழி, நாளை மறுநாள் ஆபரேஷன்

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். தங்கைக்கு ஆண் குழந்தை, நிறைமாதம், சுகப்பிரசவம். இரண்டாம் நாளிலிருந்து பால் குடித்ததும் பச்சையாகக் கக்கியிருக்கிறது. இரவோடு இரவாகத் தஞ்சாவூருக்கு அனுப்பிவிட்டார்கள். எக்ஸ்ரேயில் இரட்டைக் குமிழி தெரிகிறது, பிறவிக் குடல் அடைப்பு, நாளை மறுநாள் ஆபரேஷன் என்கிறார்களாம். "அவசரம் என்று விரட்டிவிட்டு இங்கே வந்ததும் ஏன் இரண்டு நாள் காத்திருக்கச் சொல்கிறார்கள்? ஸ்கேன் எல்லாம் எடுத்தோமே, ஏன் தெரியவில்லை? சொந்தத்தில் கட்டியதால் வந்ததா? குழந்தை தேறுமா?" இவைதான் கேள்விகள்.

குழந்தைகள் அறுவை சிகிச்சையில் பல வருஷம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அவசரமாக அனுப்பியதும் சரி, இப்போது காத்திருப்பதும் சரி. இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும் என்று கேட்பீர்கள். அதற்கு அந்தப் பச்சை நிறத்திலிருந்து தொடங்க வேண்டும்.

பிறந்த குழந்தை பால் கக்குவது சாதாரணம். வெள்ளையாகக் கக்கும், தயிராகத் திரிந்து கக்கும், சீம்பால் குடித்திருந்தால் லேசான மஞ்சளாகவும் கக்கும். பச்சை வேறு. பச்சை என்றால் பித்தநீர். கல்லீரலிலிருந்து வரும் பித்தநீர், இரைப்பையைத் தாண்டியதும் டியோடினம் என்ற குடலின் முதல் பகுதியில் வந்து சேர்கிறது. கிளை வாய்க்கால் வந்து சேரும் இடத்துக்குக் கீழே மண் சரிந்து அடைத்தால் இரண்டு தண்ணீரும் கலந்து மேலே ஏறும் இல்லையா, அதுபோலத்தான். பித்தநீர் சேரும் இடத்துக்குக் கீழே எங்கோ வழி இல்லை, அதனால் திரும்பி வருகிறது. எல்லாப் பச்சை வாந்தியும் அடைப்பாக இருக்காது. ரத்தத்தில் கிருமி பரவினாலும் குடல் ஓய்ந்துபோய்ப் பச்சையாக வாந்தி வரும். ஆனால் அடைப்பு இல்லை என்று நிரூபிக்கும் வரை அடைப்பு என்றே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் பிரிவில் முதல் நாளே சொல்லித்தரும் விதி.

ஏன் அவ்வளவு பயம்? பச்சை வாந்திக்குப் பின்னால் இருக்கக்கூடிய காரணங்களில் ஒன்று, சில மணி நேரத்தில் குழந்தையைக் கொன்றுவிடும். அதுதான் குடல் முறுக்கு. கருவில் ஆறாவது வாரத்திலிருந்து பத்தாவது, பன்னிரண்டாவது வாரம் வரை குடல் வயிற்றுக்கு வெளியே தொப்புள்கொடிக்குள் போய், 270 டிகிரி திரும்பி, உள்ளே வந்து அகலமாக ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்தத் திருப்பம் பாதியில் நின்றுவிட்டால் சிறுகுடல் முழுக்க ஒரு குறுகிய காம்பில் தொங்கும். அந்தக் காம்புக்குள்தான் குடலுக்குப் போகும் ரத்தக்குழாய் இருக்கிறது. காம்பு முறுக்கிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்று, சிறுகுடல் மொத்தமும் கறுத்துப்போகும். இப்படி முறுக்கிக்கொள்ளும் குழந்தைகளில் பாதிக்கு மேல் முதல் மாதத்துக்குள்ளேயே வந்துவிடுகிறார்கள்.

இதில் பெரிய பொறி ஒன்று இருக்கிறது. ஆரம்பத்தில் குழந்தை பார்க்க நன்றாகவே இருக்கும். வயிறு உப்பாது, தொட்டால் மெத்தென்று இருக்கும், அழுகையும் பலமாக இருக்கும். பச்சை வாந்தி ஒன்றுதான் அடையாளம். வயிறு உப்பி, மலத்தில் ரத்தம் வந்து, குழந்தை சாம்பல் நிறமாகும்போது நாம் ஏற்கெனவே தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். "வயிறு உப்பலையே, ராத்திரி போகட்டும், காலையில் பார்ப்போம்" என்ற பேச்சுதான் எனக்குப் பிடிக்காத பேச்சு. உங்கள் ஊரில் பார்த்த டாக்டர் அப்படிச் சொல்லாமல் ராத்திரியே வண்டி ஏற்றினார் அல்லவா, அவருக்கு ஒரு நன்றி சொல்லிவிடுங்கள்.

சரி, உங்கள் மருமகனுக்கு முறுக்கு இல்லை என்று எப்படித் தெரிந்தது? எக்ஸ்ரேயில். பிறந்த குழந்தை முதல் மூச்சிலிருந்தே காற்றை விழுங்குகிறது. அந்தக் காற்று இரைப்பையைக் கடந்து, ஒரு நாளுக்குள் ஆசனவாய் வரை போய்விடும். எக்ஸ்ரே படத்தில் காற்று கறுப்பாகத் தெரியும் என்பதால் தனியாக மருந்து எதுவும் கொடுக்காமலேயே வழி எதுவரை திறந்திருக்கிறது என்று பார்த்துவிடலாம். இரைப்பையில் ஒரு பெரிய குமிழி, டியோடினத்தில் ஒரு சிறிய குமிழி, அதற்குக் கீழே காற்றே இல்லை என்றால் டியோடினம் முழுதாக மூடியிருக்கிறது. இதற்கு மேல் சோதனை பெரும்பாலும் தேவைப்படாது. கீழே கொஞ்சம் காற்று சிதறித் தெரிந்தால்தான் தலைவலி. குடலுக்குள் குறுக்கே ஒரு சவ்வு வளர்ந்து அதில் சிறு ஓட்டை இருக்கலாம், முறுக்காகவும் இருக்கலாம். அப்போது குழாய் வழியாக மருந்து செலுத்திப் படம் எடுப்பார்கள். டியோடினம் முதுகெலும்பைத் தாண்டி இடது பக்கம் போய்த் திரும்புகிறதா என்று பார்ப்பார்கள். போகாமல் வலது பக்கமே கீழே இறங்கினால் திருப்பம் நின்றுபோன குடல். அல்ட்ராசவுண்டிலும் ரத்தக்குழாய்கள் சுழித்துக்கொண்டிருப்பது தெரியும். முறுக்கு உள்ள குழந்தைக்குச் சாதாரண எக்ஸ்ரே சுத்தமாக நன்றாக இருப்பதும் உண்டு என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். படம் நார்மல் என்று வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது.

முறுக்கு என்று சந்தேகம் வந்தால் ராத்திரி இரண்டு மணியானாலும் ஆபரேஷன் தியேட்டர்தான். குடலைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் பிரித்துவிட்டு, சிவக்கிறதா என்று காத்திருந்து, குறுக்கே அழுத்தும் பட்டைகளை வெட்டி, காம்பை அகலமாக்கி, சிறுகுடலை வலது பக்கமும் பெருங்குடலை இடது பக்கமும் வைத்துவிடுவோம். பாஸ்டன் நகரின் வில்லியம் லாட் 1936-ல் விவரித்த முறை இது. இன்றைக்கும் சாரம் மாறவில்லை.

டியோடினம் மூடிப் பிறந்திருப்பது அந்த வகை இல்லை. அங்கே ரத்த ஓட்டத்துக்கு ஆபத்து இல்லை. இரைப்பைக்குள் குழாய் விட்டு நீரை வெளியே எடுத்துக்கொண்டே இருந்தால் ஒன்று, இரண்டு நாள் பாதுகாப்பாக வைத்திருக்கலாம். வைத்திருந்து என்ன செய்கிறார்கள்? வாந்தியில் போன உப்பையும் பொட்டாசியத்தையும் குளுக்கோஸையும் ஈடுகட்டுகிறார்கள். குழாயில் எவ்வளவு வருகிறதோ அந்த அளவை அளந்து டிரிப்பில் திருப்பித் தருகிறார்கள். ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே போட்டாயிற்றா என்று பார்க்கிறார்கள், ரத்தம் ஏற்பாடு செய்கிறார்கள். முக்கியமாக இதய எக்கோ, அதாவது இதயத்துக்கு எடுக்கும் ஸ்கேன். டியோடினம் மூடியிருக்கும் குழந்தைகளில் இதயக் கோளாறு கூடவே இருப்பது அபூர்வம் இல்லை. அது தெரியாமல் மயக்கம் கொடுத்தால் மயக்க டாக்டர் கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுவதாக ஆகிவிடும். நீர்வற்றி, உடம்பு குளிர்ந்து, சர்க்கரை இறங்கிப்போன குழந்தையை அவசரமாக வெட்டுவதைவிட, தேற்றி எடுத்து நாளை மறுநாள் பகலில், ஆட்கள் முழுதாக இருக்கும்போது செய்வதே நல்லது. அதனால்தான் காத்திருப்பு.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் என் அபிப்பிராயத்தில் டெல்டாவில் இந்தக் குழந்தைகளின் கதி பாதிக்கு மேல் தீர்மானமாவது கத்தி வைக்கும் முன்னால்தான். வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூர் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். சீர்காழிப் பக்கம் பிறந்தால் தஞ்சாவூரா, புதுச்சேரி ஜிப்மரா என்று யோசிப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த ரோடு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். இரண்டரை கிலோ குழந்தை, ஈரத்துணியோடு, ஆம்புலன்ஸ் ஏசியில் மூன்று மணி நேரம் வந்தால் ஆபரேஷனுக்கு ஏற்ற குழந்தையாக வராது. குளிர்ந்துபோன குழந்தைக்கு ரத்தம் சரியாக உறையாது, மூச்சு தடுமாறும். வண்டியில் இன்குபேட்டர் இல்லாவிட்டால் தாயோ, தகப்பனோ, பாட்டியோ குழந்தையைத் துணியில்லாமல் தன் வெறும் நெஞ்சோடு அணைத்து, மேலே போர்த்திக்கொண்டு, தலைக்குக் குல்லாய் போட்டு வரலாம். அது நல்ல முறை, மாற்று ஏற்பாடு என்று கேவலமாக நினைக்க வேண்டாம்.

அடுத்தது குழாய். புறப்படுவதற்கு முன் வாய் வழியாக இரைப்பைக்குள் 8-ம் எண் குழாய் விட்டு, அதன் வாயைத் திறந்தே வைக்க வேண்டும். குழாயைப் போட்டுவிட்டு மூடி போட்டு மூடி அனுப்பிய குழந்தைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். மூடிய குழாய் இருந்தும் இல்லாத மாதிரிதான். வழியில் வாந்தி எடுத்து, அது மூச்சுக்குழலில் இறங்கினால் நிமோனியா, அப்புறம் வென்டிலேட்டர். பச்சை வாந்தி கண்ட நிமிஷத்திலிருந்து வாய் வழியாக எதுவும் கூடாது. பால், சர்க்கரைத் தண்ணீர், உரைமருந்து, வசம்பு, விளக்கெண்ணெய் எதுவுமே. வழியில் அழுகிறதே என்று சேனை வைத்த சர்க்கரைத் தண்ணீரையே இன்னும் இரண்டு சொட்டு விடும் பாட்டிமார்கள் உண்டு. அன்பில் செய்வதுதான், ஆனால் கூடாது. சுகப்பிரசவமாக இருந்து தாயால் முடியுமென்றால் கூடவே வரட்டும். சிசேரியன் ஆகி வர முடியாவிட்டால் அவருடைய ரத்தத்தில் ஒரு மாதிரி எடுத்துக் குழந்தையோடு அனுப்பச் சொல்லுங்கள், ரத்தம் பொருத்திப் பார்க்க உதவும். கக்கிய துணியைத் துவைத்துவிடாமல் கொண்டுவாருங்கள், அல்லது போனில் ஒரு படம். "பச்சை" என்று சொன்னது மஞ்சளா, இளம்பச்சையா, கீரைச்சாறு பச்சையா என்பதில் எங்களுக்கு நிறைய இருக்கிறது.

ஆபரேஷனைப் பற்றி. தொப்புளுக்கு மேலே வலது பக்கமாக ஒரு குறுக்கு வெட்டு. பலர் நினைப்பதுபோல மூடிய பகுதியை வெட்டி எறிவதில்லை. அந்த இடத்தில்தான் கணையமும் பித்தநாளமும் வந்து திறக்கின்றன, அங்கே கைவைத்தால் வம்பு. அதனால் அடைப்புக்கு மேலே விரிந்த குடலில் குறுக்காகவும், கீழே சுருங்கிய குடலில் நெடுக்காகவும் வெட்டி, இரண்டையும் வைர வடிவில் இணைத்து, அடைப்பைத் தாண்டி ஒரு மாற்றுவழி உண்டாக்குகிறோம். ஜப்பானியரான கிமுரா சொன்ன முறை. வெட்டுகள் ஒன்றுக்கொன்று குறுக்காக இருப்பதால் இணைப்பு சுருங்காமல் வாய் திறந்தே நிற்கும். தையல் நூல் தலைமுடி கனம்தான் இருக்கும், பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு தைப்போம். முடிப்பதற்கு முன் கீழ்க்குடலுக்குள் உப்புநீர் செலுத்தி வேறெங்கும் அடைப்பு இல்லை என்று பார்த்துக்கொள்வோம். தடங்கல் இல்லாவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

அதற்குப் பிறகுதான் குடும்பத்துக்குப் பொறுமை சோதனை. ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாளும் குழாயில் பச்சையாக வரும். ஐந்தாம் நாளும் வரலாம். "ஆபரேஷன் ஃபெயிலாயிடுச்சா சார்?" என்று வராந்தாவில் பிடித்துக் கேட்பார்கள். இல்லை. மாதக்கணக்கில் அடைப்பை எதிர்த்துத் தள்ளி வீங்கிப்போன மேல்குடல் உடனே சுருங்கி வேலை செய்யாது. வழி திறந்திருந்தாலும் தள்ளும் சக்தி வர நாளாகும். குழாயில் வருவது குறைந்து, நிறம் வெளுத்து, மலமும் போனால்தான் பால் ஆரம்பிப்பார்கள். ஒரு வாரத்திலும் ஆகலாம், இரண்டு மூன்று வாரமும் ஆகலாம். அதுவரை சத்து ரத்தக்குழாய் வழியாக, டிரிப்பில் போகும். அந்த நாட்களில் கிருமித்தொற்றுதான் பெரிய எதிரி. குழந்தையைப் பார்க்க உறவுக்காரர்கள் வரிசையாக உள்ளே போக ஆசைப்படுவார்கள், அதை நீங்கள்தான் தாய்மாமன் என்ற உரிமையில் தடுக்க வேண்டும்.

உங்கள் தங்கைக்கு ஒரு வேலை இருக்கிறது, அதை இன்றைக்கே தொடங்கச் சொல்லுங்கள். குழந்தை குடிக்காவிட்டாலும் இரண்டு மூன்று மணிக்கொரு தரம், ராத்திரியும் சேர்த்து, பாலைக் கையால் பீச்சி எடுக்க வேண்டும். எடுக்காமல் விட்டால் பத்து நாளில் பால் வற்றிவிடும். அப்புறம் குடல் தயாராகும்போது கொடுக்கப் பால் இருக்காது. ஆபரேஷன் ஆன குடலுக்குத் தாய்ப்பால்தான் லேசில் ஒத்துக்கொள்ளும், பவுடர் பால் கிட்டே வராது. சேமித்து வைக்கும் வசதி வார்டில் இருக்கிறதா என்று சிஸ்டரிடம் கேளுங்கள்.

ஸ்கேனில் ஏன் தெரியவில்லை? ஐந்தாம் மாதம் எடுக்கும் ஸ்கேன் சமயத்தில் குழந்தை அதிகம் பனிக்குட நீரை விழுங்கியிருக்காது. அந்த இரட்டைக் குமிழி பெரும்பாலும் ஆறு, ஏழு மாதத்துக்குப் பிறகுதான் தெளிவாகத் தெரியும். அப்போது பனிக்குட நீர் அதிகமாக இருந்ததாகக் கடைசி ஸ்கேன் ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். விழுங்கும் நீர் கீழே போக வழியில்லாமல் நீர் கூடிவிடும். யார் மேலும் பழி போடுவதற்குச் சொல்லவில்லை. அடுத்த பிரசவத்தில் நீர் அதிகம் என்றால் ஏழு, எட்டாம் மாதத்தில் ஒரு ஸ்கேன் கேட்டு வாங்குங்கள். குடல் அடைப்பு முன்பே தெரிந்தால் தஞ்சாவூரிலேயே பிரசவம் வைத்துக்கொள்ளலாம். அதற்காக சிசேரியன் தேவையில்லை.

சொந்தத்தில் கட்டியது காரணமா என்றால், டியோடின அடைப்பைப் பொறுத்தவரை அநேகமாக இல்லை. பெரும்பாலும் ஒரு குடும்பத்தில் ஒரு குழந்தைக்குத்தான் வருகிறது. சிறுகுடலில் பல இடங்களில் அடைப்பு வரும் சில அரிய வகைகள் பரம்பரையாக வரலாம், அது வேறு. கிரகணத்தில் வெளியே வந்தது, பப்பாளி தின்றது, மாமியார் சொல்லைக் கேட்காதது எதுவும் காரணம் இல்லை. குடலின் உள்வழி கருவின் ஆரம்ப வாரங்களில் ஒருமுறை அடைத்துப் பின் திறக்கும், திறக்காமல் நின்றுவிட்டால் இது. உங்கள் தங்கைக்குக் கர்ப்பம் உறுதியான நாட்களிலேயே நடந்து முடிந்த விஷயம். இதைக் குடும்பத்தில் உரக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் பிள்ளை பெற்றவளைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள்.

டாக்டர் உங்களிடம் டவுன் சிண்ட்ரோம் (ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் வளர்ச்சி மெதுவாகும் பிறவி நிலை) பற்றிப் பேசினால் திடுக்கிட வேண்டாம். இந்த அடைப்போடு பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது இருக்கும். அதனால் எல்லாருக்குமே பார்ப்பார்கள். இருந்தாலும் ஆபரேஷன் அதேதான், குடல் அதேபோலச் சரியாகும்.

தேறுமா? நல்ல வசதியுள்ள இடங்களில் டியோடின அடைப்புக் குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். பிழைக்காதவர்கள் பெரும்பாலும் இதயக் கோளாறாலோ குறைமாதத்தாலோ போகிறார்கள், குடலால் இல்லை. ஆனால் வசதி என்ற வார்த்தை இங்கே கனமானது. 74 நாடுகளின் 264 மருத்துவமனைகளில் குடல், வயிற்றுப் பிறவிக் குறைபாடுள்ள குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2021-ல் வெளியான ஆய்வில், பணக்கார நாடுகளில் இறப்பு 5.6 சதவீதம், நடுத்தர வருமான நாடுகளில் 20.4, ஏழை நாடுகளில் 39.8. தையல் போடும் கை எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் எந்த நிலையில் குழந்தை வந்து சேர்கிறது, ஆபரேஷனுக்குப் பின் நர்ஸ், வென்டிலேட்டர், டிரிப் வழிச் சத்து கிடைக்கிறதா என்பதில். உங்கள் குழந்தை நிறைமாதம், சீக்கிரம் வந்துவிட்டது, எக்கோ நன்றாக இருந்தால் நான் தைரியமாக இருப்பேன்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக வேறு வகைகளையும் தொட்டுவிடுகிறேன். அடைப்பு இன்னும் கீழே, சிறுகுடலின் நடுவில் இருந்தால் வயிறு உப்பும், எக்ஸ்ரேயில் பல குமிழிகள் தெரியும். இது கருவில் குடலின் ஒரு பகுதிக்கு ரத்தம் போகாமல் கருகியதால் வருவது. 1955-ல் தென்னாப்பிரிக்காவில் லோவும் பர்னார்டும் நாய்க்குட்டிக் கருக்களில் ரத்தக்குழாயைக் கட்டி இதை நிரூபித்தார்கள். அந்த பர்னார்ட்தான் 1967-ல் முதல் இதய மாற்று ஆபரேஷன் செய்தவர். பெருங்குடலின் கடைசிப் பகுதியில் நரம்பணுக்கள் இல்லாமல் பிறந்தால் ஹிர்ஷ்ஸ்பிரங் நோய். 24 மணி நேரத்துக்குள் காட்டுப்பீ (பிறந்ததும் போகும் கரும்பச்சை மலம்) போகவில்லை என்பதுதான் முதல் தடயம், மலக்குடல் சுவரில் துணுக்கு எடுத்துப் பார்த்தால் உறுதியாகும். டியோடின அடைப்பில் காட்டுப்பீ போகவும் செய்யும், "வெளிக்குப் போச்சே" என்று ஏமாந்துவிட வேண்டாம். ஆசனவாயே இல்லாமல் பிறக்கும் குழந்தைகளைக் குளிப்பாட்டும் பாட்டி கண்டுபிடித்து ஓடிவருவது இன்னும் நடக்கிறது. பிறந்த அறையிலேயே விரித்துப் பார்த்தால் அரை நிமிஷ வேலை. பெண் குழந்தைகளுக்கு வேறு துளை வழியாக மலம் கசிவதால் தவறிப்போவது அதிகம்.

செலவைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். பிறந்த குழந்தையின் சிகிச்சைக்கு அரசு மருத்துவமனையில் பணம் கட்ட வேண்டியதில்லை. தனியாருக்குப் போகிறவர்கள் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அந்த மருத்துவமனை இருக்கிறதா, இந்த ஆபரேஷனுக்கு அனுமதி கிடைக்குமா என்று சேர்க்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குப் போனதும் டிஸ்சார்ஜ் சம்மரியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, குழந்தையின் தடுப்பூசி அட்டையோடு வையுங்கள். எடையை மாதாமாதம் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வயிற்றுக்குள் ஒருமுறை கைவைத்தால் பின்னால் குடல் ஒட்டிக்கொண்டு அடைக்க வாய்ப்பு உண்டு. இரண்டு வயதிலோ பத்து வயதிலோ பச்சையாக வாந்தி எடுத்தால் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய், பணியில் இருக்கும் டாக்டரிடம் முதல் வரியாக "பிறந்தப்பவே குடல் ஆபரேஷன் ஆன பிள்ளை" என்று சொல்லுங்கள். எக்கோ ரிப்போர்ட் வந்ததும் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.